தோள் உயர நெற்தாள்

இன்று காலை எங்கள் ஊர்ச் சந்தையில் மாப்பிள்ளைச் சம்பா என்ற மரபு நெல்லின் அரிசியை விற்றுக்கொண்டிருந்த பெரியவர், வேரோடு பிடுங்கிய ஒரு நெற்தாளைச் சாக்கின் மேல் சாத்தி வைத்திருந்தார்.

அது என் தோள் வரை இருந்தது.

விலை கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவாராம். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நின்ற பயிர் என்றார்.

1966இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் ரகங்கள், உரத்தை அள்ளிப் போட்டாலும் சாயாமல் நிற்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. அவை பல வயிறுகளை நிரப்பின என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் தாள் குட்டையானபோது வைக்கோல் குறைந்தது. டிராக்டரும் வந்துவிடவே மாடு குறைந்தது. மாட்டோடு எருவும் போய், அதன் இடத்தை யூரியா மூட்டை பிடித்துக்கொண்டது.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், மறைந்த நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கிச் செல்லும் உழவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. பணம் கைமாறாத அந்த வட்டியில்தான், அவர் மீட்டெடுத்த 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகள் மீண்டும் வயல்களுக்குப் போயின.

நான் இரண்டு கிலோ வாங்கினேன். முந்தைய இரவே ஊறவைக்காவிட்டால் வேகாது என்று பெரியவர் இருமுறை சொல்லி அனுப்பினார். குக்கர் விசிலை எண்ணியே பழகிய எங்கள் வீட்டில் அதை யார் நினைவில் வைப்பது என்பதுதான் இப்போதைய கவலை.