கயாக் வாங்கும் முன் தண்ணீரை முடிவு செய்யுங்கள்

கயாக் என்பது உட்கார்ந்தபடி துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு. என் முதல் கயாக்கை ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கினேன். 3 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், தட்டையான அடிப்பாகம். அசைவில்லாத ஏரித் தண்ணீரில் இடமும் வலமும் சாய்ந்து பார்த்தேன், கொஞ்சமும் ஆடவில்லை, சரி, இதுதான் பாதுகாப்பான படகு என்று நம்பிவிட்டேன். சில மாதம் கழித்து அதே படகோடு ஒரு கழிமுகத்துக்குப் போனேன். பக்கவாட்டில் முழங்கால் உயர அலை ஒன்று வந்தது. கவிழ்ந்துவிட்டேன்.

காரணம் எனக்குப் புரிய நாளானது. அகலமான தட்டை அடிப்பாகம் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். மட்டம் சமமாக இருக்கும்வரை படகும் சமமாக இருக்கும், அலையில் அந்த மட்டமே சாய்ந்தால் படகும் கூடச் சாய்ந்து, ஓர் எல்லை தாண்டியதும் பிடிமானமே இல்லாமல் புரண்டுவிடும். 50 முதல் 60 செ.மீ. அகலமுள்ள கடல் கயாக் இதற்கு நேர்மாறு. ஏறி உட்கார்ந்ததும் இடுப்புக்குக் கீழே நடுங்கும், பயமாகக்கூட இருக்கும், ஆனால் நன்றாகச் சாய்த்தால் ஓர் இடத்தில் தாங்கி நிற்கும், அலை அடியில் நழுவிப் போய்விடும். இவற்றை முதல்நிலை, இரண்டாம்நிலை உறுதி என்று பிரித்துச் சொல்வார்கள். ஓர் நிமிடத்தில் நமக்குத் தெரிவது முதலாவது மட்டுமே.

கவிழ்ந்ததைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். என் படகில் தண்ணீர் புகாத தடுப்பறைகள் இல்லை, அதனால் உள்ளே முழுக்க நிரம்பிவிட்டது. 200 லிட்டர் புகுந்தால் 200 கிலோ. அதை ஒருவர் கவிழ்த்துக் கொட்டவே முடியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் படகைப் பிடித்துக்கொண்டு கரைவரை மிதந்தேன். கடலுக்குப் போகிறவர் முன்னும் பின்னும் தடுப்பறை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரையோரமாகப் போக மேலே உட்காரும் வகைக் கயாக்கே போதும், அதன் துளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும், விழுந்தாலும் திரும்ப ஏறலாம். குளிர்ந்த தண்ணீருக்கு அது வேண்டாம், உடம்பு நனைந்துகொண்டே இருக்கும்.

பாறைகளுக்கிடையே பாயும் ஆறு வேறு உலகம். அங்கே 2.5 மீட்டர் அளவுள்ள, இரு முனையும் மேலே வளைந்த குட்டைப் படகு வேண்டும், நொடியில் திரும்ப வேண்டுமே. அதே படகை ஏரியில் போட்டால் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு இங்கும் அங்கும் அலையும். நீளமான படகு நேராகவும் வேகமாகவும் போகும். பக்கக் காற்றில் பெரும்பாலான கயாக்குகள் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், திறந்த நீரில் நெடுந்தூரம் போகிறவருக்குச் சுக்கானோ, பின்பக்கம் இறக்கிவிடும் சிறு துடுப்புத் தகடோ இருந்தால் கை பிழைக்கும்.

அப்புறம் எடை. அதிகபட்சச் சுமை என்று எழுதியிருப்பதில் 70 சதவீதத்துக்குள் நீங்களும் சாமானும் அடங்குவது நல்லது. வட துருவப் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் கயாக்கை அவரவர் உடலளவுக்கே செய்தார்கள், நீளத்துக்கு விரித்த கைகளின் அளவைப் போல மூன்று மடங்கு என்பது ஒரு பழைய கணக்கு. அந்த அக்கறையை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

இப்போது என்னிடம் 4.3 மீட்டரில், 60 செ.மீ. அகலத்தில், இரண்டு தடுப்பறையோடு ஒரு படகு இருக்கிறது. வாங்கும் முன் இரவல் வாங்கி, காற்றுள்ள ஒரு நாளில், கரையோரம் நண்பர் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே நான்கு முறை கவிழ்ந்து ஏறிப் பார்த்தேன். ஆற்றுப் பாய்ச்சலுக்கு அதை எடுத்துப் போவதில்லை, அங்கே வாடகைக்குக் குட்டைப் படகுதான்.