குரல் திரும்பிய பிறகு

“நெஞ்சுல ஏற்கெனவே ஒரு மிஷின் இருக்குதுங்க டாக்டரம்மா. மூளைக்குள்ள இன்னொன்னு வச்சா ரெண்டும் மோதிக்காதா?” என்று வலிப்பு நோயுள்ள அந்தப் பெண்ணின் அப்பா கேட்டார். நல்ல கேள்வி. இதுவரை வந்த பதிவுகளில் அப்படி மோதியதாகத் தெரியவில்லை என்றேன். நெஞ்சில் இருக்கும் வி.என்.எஸ். என்ற நரம்புத் தூண்டல் கருவியின் துடிப்பு கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது; மூளைக்குள் வைக்கும் டி.பி.எஸ். கருவி, தலாமஸ் என்ற ஆழ்மூளைப் பகுதியின் முன்பக்கத்திலேயே வேலை செய்கிறது. ஒன்றுக்கு அடங்காத வலிப்பு இரண்டும் சேர்ந்தால் அடங்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு.

“நின்னுடுங்களா?”

குறையலாம், நிற்கும் என்று சொல்ல மாட்டேன் என்றேன். 110 பேரிடம் நடந்த சாண்டே ஆய்வில், டி.பி.எஸ். வைத்து 2 ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலிப்பு பாதியாவது குறைந்தது. இரண்டு கருவியும் சேர்ந்து ஓடியவர்களைப் பற்றி இருப்பவை சிறு குழுக்களின் பதிவுகள்தான். நினைவுத் தடுமாற்றம், மனச்சோர்வு வரலாம், மாத்திரையும் தொடரும். எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பெண், “எனக்கு...” என்று ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது. நெஞ்சிலுள்ள கருவி ஓடத் தொடங்கிவிட்டது; அது ஓடும்போது குரல் இப்படிக் கரகரக்கும். அவளுக்கு 30 விநாடி ஓடும், 5 நிமிடம் ஓயும். பேச்சை நிறுத்திக்கொண்டாள். நானும் காத்திருந்தேன். அப்பா காத்திருக்கவில்லை. “பாப்பாவுக்கு மறுபடி கத்தி வேண்டாங்க.”

குரல் திரும்பியதும், “அப்பா சொல்றதுதாங்க” என்றாள். அப்புறம் அவரை வெளியே இருக்கச் சொல்லித் தனியாகக் கேட்டேன். அதே பதில்.

கருவியோடு கொடுக்கும் காந்தத்தை அதன் மேல் அழுத்திப் பிடித்திருந்தால் தூண்டல் நிற்கும், குரல் தெளியும். மேடையில் பேசும்போது சிலர் அப்படிச் செய்வதுண்டு. காந்தம் அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சொல்ல வந்தது அவ்வளவு முக்கியமில்லையா, அல்லது அப்பா முந்திக்கொள்ளட்டும் என்று விட்டாளா?

ஏற்காட்டில் காப்பிச் சரிவில் பழம் பறிக்கிறவள். அங்கே வலிப்பு பாதியாகக் குறைந்தால், பாறையில் விழுவதும் பாதியாகும். இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. ஆனால் இவ்வளவு குறைந்த ஆதாரத்தை வைத்து அழுத்தினால், முடிவு அவளுடையதாக இருக்காது, என்னுடையதாகிவிடும். அவர்களுக்கு அது பல லட்சம் ரூபாய், மண்டையில் துளை, சில வருடங்களில் பேட்டரிக்காக இன்னொரு அறுவை. நான் நிதானமாகப் பேசியது சரிதான். சரி என்று இப்படி எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதுதான் உறுத்துகிறது.

அடுத்த முறை வரும்போது மறுபடி கேட்கலாம். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னவளிடம் மூன்றாவது தடவை கேட்பதற்குப் பெயர் கேள்வியா, வற்புறுத்தலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.