சுகர், பிரஷரோடு அடுக்குத் தும்மலுக்கு ஆயுர்வேதம் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பார்த்தீனியக் களைச்செடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மழை பெய்தால் போதும், காலி மனையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், எனக்கு விடியும்போதே அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர். மற்றவர்கள் மெடிக்கலில் ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எனக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், தொடவே கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். செட்டிரிசின் போட்டால் மறுநாள் மதியம் வரை கண் சொக்குகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஓரளவு கேட்டது, முழுசாகக் கேட்கவில்லை. சரி, அதோடு சேர்த்து ஆயுர்வேதமும் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போன வைத்தியசாலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நாடி பார்த்தார், தும்மல் எப்போது வருகிறது என்று கேட்டார், அவ்வளவுதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற கேள்வியே வரவில்லை. நானே சொன்னேன். "இங்கிலீஷ் மருந்தை ஒரு மாசம் நிறுத்திட்டு இதை மட்டும் சாப்பிடுங்க" என்றார். சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துவதாவது! நான் நிறுத்தவில்லை. கவுன்டரில் இரண்டு சூரணப் பொட்டலமும் ஒரு டப்பாவும் கொடுத்தார்கள். பொட்டலத்தின் மேல் பேனாவால் "காலை – இரவு, தேனில்" என்று எழுதியிருந்தது, வேறு ஒரு எழுத்து இல்லை. மருந்தின் பெயரைக் கேட்டேன். "அதெல்லாம் எங்க சொந்த மருந்துங்க அக்கா, பேரு வெளிய சொல்றதில்லைங்க" என்றது அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து சூரணத்தை நாக்கில் வைத்துப் பார்த்தால் தித்திப்பு. விரல் நுனியில் தேய்த்தால் கற்கண்டுத் தூள் நறநறவென்று தட்டுப்படுகிறது. சில நாள் சாப்பிட்டுவிட்டு மிஷினில் பார்த்தேன், வெறும் வயிற்றுச் சுகர் வழக்கத்தைவிட நன்றாகவே ஏறியிருந்தது. உடனே நிறுத்திவிட்டு, சீட்டு எழுதி வாங்கலாம் என்று திரும்பப் போனால் வைத்தியர் இல்லை, அவர் வாரத்தில் சில நாள்தான் வருவாராம். போனில் கேட்டபோது ஒருவரும் அதைச் சொல்லவில்லை. பஸ் பிடித்துப் போனது வீண்.

மறுபடி போய் வைத்தியரையே பார்த்தேன். "அது கற்கண்டும்மா, வெள்ளைச் சர்க்கரை இல்ல, சுகருக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். கற்கண்டும் சர்க்கரையேதான், கட்டியாக இருக்கிறது என்பதற்காக அது வேறு பொருளாகிவிடாது. பெயரை எழுதித் தராமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டை வாங்கியதுதான் எனக்குப் பெரிய வெற்றி.

எழுதியிருந்தது: சிதோபலாதி சூரணம், அதிமதுரச் சூரணம், டப்பாவில் ஹரித்ரா கண்டம். சிதோபலாதியின் அளவு நூல்களிலேயே இருக்கிறது: கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, லவங்கப்பட்டை 1. பாதிக்கு மேல் இனிப்பு! ஹரித்ரா கண்டம் மஞ்சள் மருந்துதான், ஒவ்வாமைக்குப் பெயர் போனது, ஆனால் அதிலும் சர்க்கரை ஏராளம். அதிமதுரம் இன்னும் மோசம். அது தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். என் பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு இருக்கிறது, அதுவும் பொட்டாசியத்தை இறக்கும் மருந்து. சீட்டைப் பார்த்ததும் என் சுகர் டாக்டர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, இரண்டும் சரியாக இருந்தன.

பிறகு வேறொரு ஆயுர்வேத மருத்துவரிடம் போனேன். நான் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் மேஜையில் பரப்பச் சொல்லி, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவையே எடுத்தார். நிசாமலகி (மஞ்சளும் நெல்லிக்காயும்), கஷாயம் மாத்திரை வடிவில், காலையில் மூக்கில் இரண்டு சொட்டு அணு தைலம். அரிஷ்டம், லேகியம் வேண்டாம் என்று அவரே சொன்னார், இரண்டிலும் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும், அரிஷ்டத்தில் தானாக ஊறிய சாராயமும் உண்டு. ஸ்ப்ரேயையும் மற்ற மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது என்று சீட்டிலேயே எழுதினார்.

காலைத் தும்மல் இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஸ்ப்ரேயும் கூடவே ஓடுவதால் எதனால் குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போடுபவர்கள் நிசாமலகி ஆரம்பித்தால் சுகரை அடிக்கடி பாருங்கள், கூடுதலாக இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் மருந்தை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நஸ்யத்தை, அதாவது மூக்கில் விடும் தைலத்தை, சாப்பாடு முடித்த கையோடு போடாதீர்கள், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மருந்து வாங்கும்போது டப்பாவில் சேர்மானம், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். பெயர் சொல்ல மாட்டோம் என்றால் காசைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.