ஜெபம் முடிந்த பின் கணக்கு

கோவை மாவட்டத்தில் விசைத்தறிகள் ஓடும் சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலமும் பொதுத்தேர்வும் பெரும்பாலும் ஒரே மாதத்தில் வந்து சேரும். மார்ச் பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில் பேனாக்களையும் ஹால் டிக்கெட்டுகளையும் பீடத்தின் முன் வைத்து மந்திரித்து வாங்கிச் செல்லும் பெற்றோரைக் காணலாம். தறிக்குடோனில் இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்து நிற்கும் தகப்பன்மார்களும், கிறிஸ்தவர் அல்லாத தாய்மார்களும் அவர்களில் உண்டு. திருச்சபை நடத்தும் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் கணித ஆசிரியனாகவும், அதன் விடுதியில் இரவுப் படிப்பைக் கவனிப்பவனாகவும் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பக்தியை நான் குறைவாக மதிப்பதில்லை. ஆனால் மதிப்பெண் கேட்டுச் செய்யும் வேண்டுதலோடு மாணவனின் ஜெபம் நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். வரையறுத்த தொகையீட்டுக் கணக்கில் (definite integral) மாறியை மாற்றியவன், எல்லைகளை மாற்றாமல் பழைய எண்களையே பிரதியிட்டுவிடுவான். விடை பொருந்தாது, உடனே நோட்டை மூடி வைத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுப்பான். ஏன் கண்ணு, அந்த ஒரு வரியைத் திரும்பப் பார்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "கணக்கு வராதப்பத்தானுங்க சார் ஜெபம் நல்லா வருது" என்றான். பொய் கலவாத பதில் அது. சிக்கலான இடத்தைவிட்டு நகர்ந்துகொள்ள யாரும் குறை சொல்ல முடியாத ஒரு வழி அவனுக்குக் கிடைத்திருந்தது.

அவனுக்கு நான் சொன்னது புனித லொயோலா இஞ்ஞாசியாரின் கதை. 1521-இல் பாம்பலோனாப் போரில் காலில் குண்டடிபட்டு மனம் திரும்பிய அந்தப் போர்வீரர், முப்பது வயதைக் கடந்த பிறகு, 1524-இல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய உட்காரும்போதெல்லாம், ஆலய வழிபாடான திருப்பலியில்கூட வராத ஆன்மீகத் தெளிவும் இன்பமும் பொங்கி வந்து அவரைப் படிக்கவிடாமல் செய்தன. இறைவனிடமிருந்து வருவது போலத் தோன்றினாலும் அது சோதனையே என்று அவர் கண்டுகொண்டார்; ஆசிரியரிடம் சென்று, பார்சலோனாவில் உயிர் வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை அந்த இரண்டு ஆண்டுகளும் வகுப்பைக் கவனிக்கத் தவறமாட்டேன் என்று வாக்களித்தார். பின்னாளில் தாம் நிறுவிய இயேசு சபையின் மாணவர்களுக்கும் நீண்ட ஜெப நேரத்தை அவர் விதிக்கவில்லை. தினமும் இருமுறை, தன் நடத்தையைத் தானே திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை செய்வதைக் கைவிடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

எங்கள் இரவுப் படிப்பின் ஒழுங்கும் ஏறத்தாழ அந்த வழியில்தான் அமைந்தது. தொடங்கும்போது சிலுவை அடையாளமும் தூய ஆவியை நோக்கிய சிறு மன்றாட்டும் போதும். சில நாட்களில் புனித தோமா அக்குவினாரின் பெயரால் வழங்கும் மாணவர் ஜெபத்தைச் சொல்வோம். கூர்ந்த அறிவு, நினைவாற்றல், கற்பதில் முறையும் எளிமையும், எடுத்துச் சொல்லும் திறன் ஆகியவற்றைக் கேட்கும் அந்த ஜெபத்தில் முதலிடம் வேண்டும் என்ற வரி எங்கும் கிடையாது. பிள்ளைகளுக்கு என்னவோ குப்பெர்த்தீனோ நகர்ப் புனித யோசேப்பைத்தான் அதிகம் பிடிக்கும்; படிப்பு ஏறாத அவரிடம், அவருக்குத் தெரிந்திருந்த ஒரே நற்செய்திப் பகுதியையே தேர்வில் கேட்டார்கள் என்பது மரபு. (ஒரே பாடத்தைப் படித்துவிட்டுப் போகலாம் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்களை நான் அனுமதிப்பதில்லை.)

படிப்பு முடிந்ததும் விளக்கை அணைப்பதற்கு முன் சற்று நேரம் ஆன்ம சோதனை. அன்று விளங்கியவற்றுக்கு முதலில் நன்றி. அதன்பின், எந்த இடத்தில் புரியாமலே தலையாட்டினேன், எதைப் பார்த்து எழுதினேன், யாரிடம் விவரம் கேட்க வெட்கப்பட்டேன் என்ற கேள்விகள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது: பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்ட பிறகே ஓட்ட வேண்டும், இல்லையேல் துணி முழுவதும் பழுது. மேற்சொன்ன மாணவனும் தன் எல்லை எண்களின் பிழையை ஆன்ம சோதனையின்போதுதான் தானாகக் கண்டுபிடித்தான்.

தவக்காலத்தின் மூன்று கடமைகளில் ஜெபத்தையும் நோன்பையும் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நோன்பு என்றதும் கைப்பேசி நினைவுக்கு வந்துவிடும். தர்மம்தான் சிக்கல், ஏனெனில் கையில் காசு இல்லை. ஆகவே தன்னைவிடப் பின்தங்கியவனுக்கு ஒரு கணக்கைச் சொல்லித் தருவதைத் தர்மமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். மதிப்பெண் போட்டியில் ஊறிய பிள்ளைகளுக்கு நோட்டை இரவல் தருவது பட்டினி கிடப்பதைவிடக் கடினமாயிருந்தது.

பெரும்பான்மை மாணவர்கள் இந்துக்களாக உள்ள எங்கள் வகுப்பறையில் எவரையும் ஜெபம் சொல்ல வற்புறுத்தியதில்லை. ஒரு நிமிட மௌனம் அனைவருக்கும் பொது. ஒரே பெஞ்சில் ஒருவன் பிள்ளையார் சுழியோடும் அடுத்தவன் சிறு சிலுவையோடும் பக்கத்தைத் தொடங்குவான். பொதுத்தேர்வு விடைத்தாளில் எந்த அடையாளக் குறியும் கூடாது என்பதால், சிலுவையைக் கட்டைவிரலால் நெற்றியில் வரைந்துகொள்ளும்படி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவோம்.

எனக்குப் பெரும் கவலை தருவது மே மாதம்தான். தேர்ச்சி பெறாத பிள்ளைகள் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். "ஜெபம் பத்தலைங்க" என்று பெரியவர்கள் போகிறபோக்கில் சொல்லும் ஒரு சொல், மதிப்பெண் பட்டியலைவிட ஆழமாக அவர்களைத் தைக்கிறது. இயற்பியலில் விழுந்தவன் இறைவனிடமும் விழுந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தரும் அவகாசமோ குறைவு. ஆகவே முடிவுகள் வந்த அன்றே பங்குத்தந்தையிடம் ஆள் அனுப்பி, வராத பிள்ளையின் வீட்டுக்கு அவரும் நானுமாகச் சென்று, முதலில் விண்ணப்பக் கட்டணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அதன்பின் அவனே கேட்டால் ஜெபம் சொல்வோம்.