ஓட்டுக் கூரை மழையும் 29ஆம் சங்கீதமும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் காலமான செய்தி கார்த்திகையில் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம், கீழே இரண்டு வரி. ரொறன்ரோவில் அன்றைக்குத்தான் முதல் பனி. "ரீச்சரைப் பற்றி எழுதித் தாருங்கோ" என்று பழைய மாணவரின் நினைவு மலர்க்குழு கேட்டதும், பள்ளிச் சிற்றாலயத்து ஓட்டில் கொட்டும் மழை என் காதில் விழுந்தது.

புதன் ஆராதனை, இரண்டாம் மணி, வரிசை, வாங்கு பிடிப்பது எல்லாம் அங்கே படித்த உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் எனக்கு வேதவாசிப்பு முறை வந்தது. வேதாகமத்தின் 29ஆம் சங்கீதம், பதினொரு வசனம். வெளியே ஐப்பசி மழை. அடுத்த பாடம் கணக்குச் சோதனை, மண்டைக்குள் அதுதான் ஓடியது. ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனேன். கேதுரு மரங்கள் முறிகிற இடத்தில் ஓகன் வாத்தியத்துக்குப் பக்கத்திலிருந்து ரீச்சர் எழும்பினார்.

"காணும் தம்பி. போய் இரும்."

முழுப் பள்ளிக்கூடமும் பார்த்தது. மேல்வகுப்பு அண்ணா ஒருவர் வந்து முதல் வசனத்திலிருந்து திரும்ப வாசித்தார். நான் குனிந்து சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தேன். காது சுட்டது. அன்றைக்கு ரீச்சரை வெறுத்தேன், அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். புவியியல் அறைக் கரும்பலகையில் ஒரு வரைபடம் கீறினார். மத்தியதரைக் கடல், கரையில் லீபனோன் மலை, அங்காலே எர்மோன், பிறகு காதேஸ் வனாந்தரம். கடலிலிருந்து சோக்கை அழுத்தி ஒரு அம்புக்குறி இழுத்தார்.

"இது புயல். முதல்ல தண்ணிக்கு மேல முழங்குது. பிறகு லீபனோனில கேதுருவை முறிக்குது. பிறகு வனாந்தரம் அதிருது. இதை எழுதினவர் புயல் வாறதைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். நீர் என்னத்தைப் பார்த்தீர்?"

'கர்த்தருடைய சத்தம்' எத்தனை தரம் வருகிறது என்று எண்ணச் சொன்னார். ஏழு. ஏழாவதில் அந்தச் சத்தம் பெண்மான்களை ஈனச் செய்கிறது. ரீச்சர் சோக்கைக் கீழே வைத்தார். "மரத்தை முறிக்கிற அதே சத்தம்தான் கன்று போடுற மானுக்குப் பக்கத்தில நிக்குது. இதை ஓடி ஓடி வாசிக்க உமக்கு எப்படி மனம் வந்தது?" அவர் கண் கலங்கியிருந்தது. வேதத்துக்காக ஒருவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

அதே சங்கீதத்தின் இரண்டாம் வசனம், பரிசுத்த அலங்காரத்துடனே தொழுதுகொள்ளச் சொல்கிறது. அதை நான் கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட் என்றே நினைத்திருந்தேன். ரீச்சர் அதையும் தள்ளிவைக்கவில்லை. சனிக்கிழமைகளில் திருமேசைப் பித்தளைச் சிலுவையைப் பழப்புளி போட்டுத் தானே மினுக்குவார். நந்தியாவட்டையில் வாடின இதழ் ஒன்று இருந்தாலும் கிள்ளி எடுப்பார். அந்த மேசைக்கு முன்னால் இடியைப் பற்றி வாசிக்கும்போது மட்டும் நாங்கள் நடுங்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். அழகையும் வல்லமையையும் அவர் ஒருநாளும் பிரித்ததில்லை.

மூன்று கிழமை, பொழுதுபடுகிற நேரம், வெறும் ஆலயத்தில் வாசிப்புப் பழக்கினார். மைக் இல்லை. தான் கடைசி வாங்கில் போய் இருந்துகொள்வார். மழை பெலத்ததும் நான் கத்தினேன். "மழையோட சண்டை பிடிக்காதேயும். மழையும் இதைத்தான் வாசிக்குது" என்றார். பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் உதவியோடு செய்த தமிழ் வேதாகமம் 1850இல் வந்தது. நாங்கள் கையில் வைத்திருந்தது அதற்குப் பிந்திய, 1871ஆம் ஆண்டின் பவர் பாதிரியார் மொழிபெயர்ப்பு. "நாவலர் கைவைச்ச ஊரில வேதத்தை விழுங்கி வாசிக்கக்கூடாது" என்பது ரீச்சரின் கட்டளை.

நாலாம் கிழமை திரும்ப வாசிக்க விட்டார். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, ஓகனில் அடுத்த கீர்த்தனையைத் தொடங்கினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

1986இல் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது ரீச்சரும் நடந்தார். நான் அதை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு அவர் எழுதிய கடிதம் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. 'கூரையில் பாதி இல்லை. ஐப்பசி ஆராதனையில் 29ஆம் சங்கீதம் நானே வாசித்தேன். அங்கே நீர் வாசிக்கிறீரோ?'

நான் வாசிக்கவில்லை. ஸ்காபரோவில் எங்கள் சபை மத்தியானத்துக்குப் பிறகு இரவல் ஆலயத்தில் கூடும். வசனம் சுவரில் திரையில் ஓடும். வாசிக்கக் கேட்டால் இரவு வேலை, களைப்பு என்று சொல்லித் தட்டிவிடுவேன். இல்லை என்று ரீச்சருக்கு எழுத வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை எழுதலாம், ஒரு தரமாவது வாசித்துவிட்டு எழுதலாம் என்று நாள் போனது. பதில் எழுதவேயில்லை.

போன ஞாயிறு சபைப் போதகர் ஐயரிடம் நானே கேட்டு, திரையை நிறுத்தச் சொல்லி, 29ஆம் சங்கீதத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்தேன். மான்களிடம் வந்ததும் நின்று மூச்செடுத்தேன். கடைசி வாங்கைப் பார்த்தேன். அதில் யாரும் இருக்கவில்லை.