மஞ்சள் விளக்கு

பத்திரிகைச் செய்திக்கு வைத்த அந்தத் தலைப்பை நான் ஏன் மாற்றினேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

2022 மார்ச் 2. உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம். ஆதரவு 141, எதிர்ப்பு 5, எந்தப் பக்கமும் சேராதவை 35. வாக்குப் பலகையில் ஆதரவுக்குப் பச்சை எரியும், இந்த 35-க்கு மஞ்சள். இன்னும் 12 நாடுகள் பொத்தானையே தொடவில்லை. இரண்டையும் சேர்த்துப் 'புறக்கணிப்பு' என்று போட்டுவிடுவது நம் வழக்கம்; அது தனி வயிற்றெரிச்சல். மஞ்சள் பட்டியலில் இருந்த சிறிய நாடுகள் பற்றிய பெட்டிச் செய்திக்கு 'நழுவிய நாடுகள்' என்று தலைப்பு வைத்தேன்.

பக்கம் போட்டுக்கொண்டிருந்த தம்பி மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினான். "மங்கோலியாவையுமா சார் நழுவல்னு சொல்றீங்க?"

நான் சிங்கப்பூரை இழுத்தேன். 1983-இல் அமெரிக்கா கரீபியன் குட்டித் தீவு நாடான கிரெனடாவில் படை இறக்கியபோது, நட்பு நாடு என்று பார்க்காமல் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்த நாடு. பெரியவன் சின்னவனை விழுங்கலாம் என்று இன்று ஒப்புக்கொண்டால் நாளை நமக்கும் அதே கதி என்ற கணக்கு. இந்த முறையும் பச்சைதான். "சின்ன நாட்டுக்குச் சட்டத்தை விட்டா வேற என்னப்பா இருக்கு?"

அவன் திரையில் வரைபடத்தைத் திறந்தான். "மேல ரஷ்யா, கீழ சீனா. மூணாவதா எல்லையே கிடையாது. வண்டிக்கு ஊத்துற பெட்ரோல் வடக்கேருந்து வரணும், வெட்டுற நிலக்கரி தெற்கே போகணும். சிங்கப்பூர் திட்டினா அமெரிக்கா முகத்தைத் தூக்கி வெச்சுக்கும், அவ்ளோதான். இவங்க கதை அப்படியா?"

நேபாளமும் இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது, பச்சை அழுத்தியதே என்று ஆரம்பித்தேன். அந்த இரண்டில் ரஷ்யா இல்லை என்பது சொல்லும்போதே உறைத்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் இன்டர்காம். செய்தி ஆசிரியர். "நழுவல் வேண்டாம். அந்த 35-ல இந்தியாவும் இருக்கு. காலைல யார்கிட்டேருந்து போன் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சரி சார்."

'நடுநிலை வகித்த நாடுகள்' என்று பக்கம் போனது. தான் சொன்னதைக் கேட்டுத்தான் மாற்றினேன் என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். நான் மறுக்கவில்லை. முழுப் பொய்யும் இல்லையே. இன்டர்காம் வருவதற்கு முன்பே பாதி மனம் மாறியிருந்தேன். மாறியிருந்தேனா? ஒரு போனுக்குப் பயந்தவன் மங்கோலியாவுக்கு முதுகெலும்பு இல்லை என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் நிலையை ஒரு நாட்டின் நிலையோடு ஒப்பிடுவதும் கொஞ்சம் அதிகம்தான். எனக்கு வேறு வேலை கிடைக்கும். மங்கோலியாவுக்கு வேறு பக்கத்து வீடு கிடைக்காது.

2024 செப்டம்பரில் புதின் மங்கோலியா போனார். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் கைது ஆணை அவர்மேல் இருந்தது. அதில் உறுப்பினரான மங்கோலியா அவரைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அணிவகுப்பு மரியாதை கொடுத்து அனுப்பிவைத்தது. அன்று அந்தப் பக்கம் தம்பியின் பொறுப்பு. எட்டிப் பார்த்தேன். 'நழுவியது மங்கோலியா.'

"பெட்ரோல் வடக்கேருந்து வரணும்னு சொன்னியேப்பா?"

"இது வேற சார். கையெழுத்துப் போட்ட நாடு."

தலைப்பு அப்படியே அச்சுக்குப் போனது. யாரும் கூப்பிடவில்லை.