பயற்றைப் பந்தல் வண்டுகள்

தை 18, ஒட்டுசுட்டான்

மழை விட்டுப் பயற்றைக் கொடியில் அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சிப் பூச்சி அப்பிய கையோடு பொறிவண்டுகளும் வந்திறங்கிவிட்டன. பக்கத்து வளவு மாமா உள்ளங்கையில் சிலதைக் கொண்டுவந்து காட்டினார். வெளிர் மஞ்சளில் மெல்லிய நெளிகோடு போட்டது ஒன்று. செம்மஞ்சளில் தடித்த நெளிகோடு உள்ளது இன்னொன்று. மூன்றாவதில் கறுப்புத்தான் கூட.

"பிள்ளை, மஞ்சள் நல்லது எண்டு சொன்னனீ. அப்ப இந்தக் கறுத்தது? மருந்து அடிக்கட்டோ?"

அடிக்க வேண்டாம் என்றேன். மூன்றும் அழுக்கணவனைத்தான் தின்கின்றன, கண்ணால் கண்டது. ஆனால் மூன்றும் ஒரே இனமா என்பது வேறு கேள்வி. அதற்கு முதுகைப் பார்த்துப் பதில் சொல்ல நான் தயாரில்லை.

தை 20

கைவில்லையில் முதுகை விட்டுவிட்டுத் தலைக்குப் பின்னாலுள்ள மார்புத் தகட்டைப் பார்த்தேன். மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் ஒரே அமைப்பு: வெளிர் தகடு, பின்விளிம்போடு ஒட்டிய கறுப்புத் திட்டு. கறுத்ததில் தகடு முழுக்கக் கறுப்பு, முன்மூலைகளில் மட்டும் வெளிர் திட்டு. ஆளும் கொஞ்சம் பெரிது. அது கொக்சினெல்லா ட்ரான்ஸ்வெர்சலிஸ். மற்ற இரண்டும் சைலோமீனஸ் செக்ஸ்மாகுலாட்டாவாக இருக்கவேண்டும். இரண்டு இனங்களையும் 1781இல் விவரித்தவர் ஒருவரே, பூச்சியியலாளர் பப்ரீசியஸ். முதுகுக் கோலத்தை மட்டும் பார்த்திருந்தால், தடித்த கோட்டையும் கறுத்ததையும் ஒரு குவியலில் போட்டு மஞ்சளைத் தள்ளி வைத்திருப்பேன்.

தை 21

மெல்லியதும் தடித்ததும் ஒரே இனமா என்று இனம்பெருக்கிப் பார்க்கவேண்டும். அதற்குப் பந்தலில் பிடித்த சோடியை நம்ப முடியாது. பெண் வண்டு முன்னைய ஆணின் விந்தைச் சேமித்து வைத்திருக்கும். அதனால் இலையோடு ஒட்டிய கூட்டுப்புழுக்களாகப் பார்த்து எடுத்து, போத்தலுக்கு ஒன்றாக அடைத்தேன்.

தை 24

விடியப்புறம் ஒன்று வெளிவந்தது. முன்சிறகு கோடே இல்லாத ஈர மஞ்சள். பின்சிறகு மடியாமல் வெளியே தொங்கியது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் சாம்பல் நிழலாக நெளிகோடு, சுவரில் கசிவு ஊறுவதுபோல. பின்னேரம் நல்ல கறுப்பு. இடையில் பிடித்திருந்தால் இதற்கும் யாராவது புதுப்பெயர் வைத்திருப்பார்கள்.

தை 26

மெல்லிய கோட்டுப் பெண்ணையும் தடித்த கோட்டு ஆணையும் சேர்த்தாயிற்று.

மாசி 3

இலையின் அடியில் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் முட்டைகள். பொரித்ததும் குடம்பிகளைப் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மாசி 19

ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே சாப்பாடு, ஒரே அறை. மெல்லியதும் வந்தது, தடித்ததும் வந்தது. நடுவில் ஒன்று: இடது வலது இரண்டிலும் கோடு பாதியில் அறுந்து புள்ளியாக நின்றது. எந்தக் குவியலிலும் சேராத அந்த ஒன்றுதான் எனக்குப் பெரிய சாட்சி.

இதன் உறவான ஹார்மோனியா அக்சிரிடிஸ் என்ற ஆசிய வண்டு இந்த விடயத்தில் பேர்போனது. நூற்றுக்கணக்கான கோலங்கள். இரு பெற்றோரின் கறுப்பும் பிள்ளையின் முதுகில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் என்று 1946இல் சீன மரபியலாளர் டான் ஜியாசென் காட்டினார். அந்தக் கோலங்களுக்குப் பின்னால் நிற்கும் பரம்பரையலகு (ஜீன்) பானியர் என்பது 2018இல் தெரியவந்தது. அது ஹார்மோனியாவின் கதை, இதற்கு அப்படியே ஒட்டமாட்டேன்.

மாசி 22

இயல்பாகச் செத்த ஆண்களின் பின்பகுதியைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து, இனவிருத்தி உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மெல்லிய கோடு, தடித்த கோடு இரண்டுக்கும் ஒரே வடிவம். ட்ரான்ஸ்வெர்சலிஸின் உறுப்பு பார்த்த உடனேயே வேறு.

பங்குனி 4

பேரப்பிள்ளை முட்டைகளும் பொரித்துவிட்டன. பொறிவண்டுகள் சிலவேளை வேற்றினத்தோடும் சேரும், ஆகவே இணைவது மட்டும் போதாது, பிள்ளைகள் மலடாகாமல் இருக்கவும் வேண்டும். மலடில்லை. இந்தப் பந்தலின் இரண்டு கோலங்களுக்கும் ஒரே பெயர்ச்சீட்டு எழுதிவிட்டேன். மன்னார்ப் பக்கத்துக் கோலங்களை அவற்றைப் பார்க்காமல் இதில் சேர்க்கமாட்டேன்.

மாமா இப்போது கத்தரி இலையைச் சல்லடையாக்கிய வண்டோடு வந்து நிற்கிறார். பளபளப்பே இல்லை, முதுகெல்லாம் நுண்மயிர், நிறையப் புள்ளிகள். இலைதின்னி எப்பிலாக்னா.

"இதுவும் உன்ர ஆள்தானோ?"

இல்லை மாமா. இதைப் பிடிச்சுச் சவுக்காரத் தண்ணிக்குள்ள போடுங்கோ.